ஐந்து மாத வீட்டுக் காவல்

ஊரில் இருந்தவரை நம் அம்மா அப்பாமாருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. காலையில் கோயில், பிறகு சந்தை, பின்னேரம் தெரிந்தவர் வீடு என்று நடந்துகொண்டேதான் இருந்தார்கள். பிள்ளைகளோடு இருக்க டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கோ பக்கத்து மார்க்கத்துக்கோ வந்த பிறகும் கோடையைச் சமாளித்துவிடுகிறார்கள். பின்வளவில் மிளகாய், வெண்டி, பின்னேரத்தில் பூங்கா. நவம்பர் பிறந்ததும் எல்லாம் நின்றுபோகிறது. "அம்மா, வெளியால போகாதேங்கோ, சறுக்கி விழுந்திடுவியள்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அக்கறையில் சொல்வதுதான். ஆனால், ஐந்து மாதம் சோபாவுக்கும் குசினிக்கும் இடையில் மட்டுமே நடந்த கால், ஏப்ரலில் படியிறங்கும்போது பழைய காலாக இருப்பதில்லை. தொடைத் தசை வற்றிவிடும், சமநிலை தளர்ந்துவிடும். விழக்கூடாது என்று உட்கார வைக்கப்பட்டவர், உட்கார்ந்திருந்ததாலேயே விழுகிறார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி எழுந்து நடமாடுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பழியைக் குளிர் மேல் போடுவது சுலபம். ஜனவரியில் டொராண்டோவின் சராசரி வெப்பநிலை மைனஸ் நான்கை ஒட்டித்தான் இருக்கும். சரியாக உடுத்தினால் நடக்கக்கூடிய குளிர்தான் அது. வாட்டி எடுப்பது காற்று. மைனஸ் 10 டிகிரியில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 20 போலப் படும். வானிலை அறிக்கை இதை 'விண்ட் சில்' என்று தனியாகச் சொல்கிறது. வெளியே போவதா வேண்டாமா என்பதற்கு அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறைந்து புண்ணாகலாம். அன்றைக்கு வீட்டிலேயே இருப்பதுதான் புத்தி. மற்ற நாட்களில் மதியம் ஒரு சுற்றுப் போய் வரலாம். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடிக்கொள்ள வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் குளிர் ஏறுவதே தெரியாது. திரும்பி வந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கனடியர்களையே நகர வைக்க 1971-ல் 'பார்ட்டிசிபாக்‌ஷன்' என்ற அமைப்பு தேவைப்பட்டது. முப்பது வயதுக் கனடியரும் அறுபது வயது சுவீடன்காரரும் உடல்தகுதியில் ஒன்றுதான் என்று 1973-ல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டு நாட்டையே உசுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பது வேறு கதை. சுவீடனிலும் பனி கொட்டத்தான் செய்கிறது.

நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி மால். கடைகள் திறப்பதற்கு முன்பே மாலின் வாசல் திறந்துவிடும். பாதி இறக்கிய ஷட்டர்கள், தரை கழுவும் இயந்திரத்தின் இரைச்சல். அந்நேரத்தில் சேலைக்கு மேல் ஜாக்கெட்டும் காலில் ஸ்னிக்கர்ஸுமாக இரண்டு மாமிகள், பின்னால் குரங்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓர் ஐயா, அவர்களைத் தாண்டி விறுவிறுவென்று போகும் சீனப் பாட்டிமார். தரை வழுக்காது, காற்று வீசாது, கழிவறை பக்கத்தில். சுற்று முடிந்ததும் டிம் ஹோர்ட்டன்ஸ் காபி. அந்தக் காபிக்காகவே வருகிறவர்களும் உண்டு, வரட்டும். பேச ஆள் இருப்பதால்தான் மறுநாளும் கால் அங்கே போகிறது. பேஸ்மென்டில் வாங்கிப் போட்ட டிரெட்மில்லிடம் அந்தப் பேச்சுத்துணை இல்லை. நமக்குத் தெரிந்த பல வீடுகளில் அதன் மேல் துணிதான் காய்கிறது.

கனடாவின் வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான இயக்கம் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்கிறது. குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, இவ்வளவுதான். சோறு சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

இவ்வளவு ஓய்வுக்கும் நடுவே குளிர்காலத்தில் நம் வீட்டு ஆண்கள் திடீரென்று ஒரு கடும் வேலையில் இறங்குவார்கள். ஸ்னோ அள்ளுவது. அதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இரவு முழுக்கக் கொட்டியிருக்கும். விடியுமுன் நகராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, ஒதுக்கியதையெல்லாம் டிரைவ்வே வாசலில் ஒரு வரப்பாகக் கட்டிவிட்டுப் போயிருக்கும். பஞ்சு போல விழுந்த பனி அல்ல அது. உப்பும் நீரும் கலந்து இறுகிய கட்டி. ஷவலைக் குத்தினால் உள்ளே இறங்காது. காரை எடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில், இரண்டு மாதமாக மாடிப்படிகூடச் சரியாக ஏறாத ஐம்பத்தைந்து வயதுக்காரர், வெறும் வயிற்றில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிகிறார். குளிர் ஏற்கெனவே இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றியிருக்கும். கைகளால் தூக்கும் பாரமும் அடக்கிய மூச்சும் அதை இன்னும் ஏற்றும். இதயத்துக்கு அதிக இரத்தம் தேவைப்படும் அதே நேரத்தில் அதற்குப் போகும் குழாயும் சுருங்கியிருக்கும். கியூபெக் மாகாணத்தின் பல்லாண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, கடும் பனி பெய்த நாளை அடுத்து ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் கூடியதைக் காட்டியது. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. அள்ளுவது பெரும்பாலும் ஆண்கள் என்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அள்ளத்தான் வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். தூக்காமல் தள்ளுங்கள். பனி முழுக்க நிற்கும்வரை காத்திராமல் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குங்கள். நெஞ்சு இறுகினாலோ இடது கையோ தாடையோ வலித்தாலோ ஷவலை அங்கேயே போட்டுவிட்டு 911-ஐ அழையுங்கள். இருதய நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டு இளைஞனுக்கு இருபது டாலர் கொடுப்பது எவ்வளவோ மலிவு.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 21-ல் டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்தச் சாய்ந்த வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிப்பது அநேகமாக நடக்காது, நம் கறுத்த தோலுக்கு இன்னும் கடினம். அதை மாத்திரையிலும் பாலிலும் பெறலாம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதிய வெளிச்சம் மனதுக்குச் செய்வதை மாத்திரை செய்யாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகும் வழியில் மாலிலோ சமூக நிலையத்திலோ இறக்கிவிடுங்கள், கூட நடக்க ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள். கட்டணம் இடித்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு டொராண்டோ நகராட்சி 'வெல்கம் பாலிசி' என்ற பெயரில் சலுகை வைத்திருக்கிறது. விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.