முகமற்ற பகை: தனியொருவர் உருவாக்கிய ‘கிரீப்பர் வேர்ல்டு’ விளையாட்டில் உழைப்பின் எல்லையும் போரின் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

நிகழ்நேர உத்தி விளையாட்டு என்பது பெருங்குழுக்களின் நெடுங்கால உழைப்பை வேண்டி நிற்கும் வகைமை. அவ்வகைமையில் விர்ஜில் வால் என்னும் தனி நிரலாளர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கிரீப்பர் வேர்ல்டு, எதிரிப் படை இருக்க வேண்டிய இடத்தில் பாய்மம் ஒன்றை நிறுத்தியது. அத்தேர்வு தனியாள் உழைப்புக்கு எவ்வாறு இடமளிக்கிறது என்பதையும், அதன் விளைவாகப் போர் என்னும் கருத்து அவ்விளையாட்டில் எவ்வாறு உருமாறுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, நிகழ்நேர உத்தி, அறிவியல் புனைவு, தனியாள் உருவாக்கம், பாய்மம், கிரீப்பர் வேர்ல்டு.

முன்னுரை

கணினி விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் பெரும்பாலும் அதன் கதையையும் கதைமாந்தரையும் முதன்மையாகக் கொள்கின்றன. கதை எழுதப்பட்ட பகுதியை மட்டும் படித்து விளையாட்டைப் படித்துவிட்டதாகக் கருதுவது, நாடகத்தின் உரையாடலை மட்டும் வாசித்து அரங்காற்றுகையை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். விளையாட்டின் பொருள் அதன் விதிகளில் உறைகிறது. அவ்விதிகளோ அதனை ஆக்குவோரின் எண்ணிக்கை, கால அளவு, கருவிகள் ஆகியவற்றால் கட்டுப்படுவன. தனியொருவர் ஆக்கிய படைப்பில் இக்கட்டுப்பாடு வெளிப்படையாகத் தெரியும் என்பதால், கிரீப்பர் வேர்ல்டு இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வகைமையும் அதன் விலையும்

நிகழ்நேர உத்தி விளையாட்டில் சதுரங்கத்தைப் போல முறை மாறி முறை நகர்த்துவதில்லை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் வளம் திரட்டி, கட்டடம் எழுப்பி, படை நடத்தும். இவ்வகைமைக்கு நிலைத்த வடிவம் தந்தது வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கி 1992இல் வெளிவந்த டியூன் 2. பிளிசார்டு நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட் (1998) ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட மூன்று இனங்களைச் சமவலிமையுடன் நிறுத்தி இவ்வடிவத்தை உச்சத்திற்குக் கொண்டுசென்றது.

இத்தகைய விளையாட்டில் உழைப்பு எங்கெல்லாம் செலவாகிறது என்பதைக் காண வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் நடத்தல், சுடுதல், வீழ்தல் எனத் தனித்தனி அசைவுப் படங்கள் வேண்டும், குரல் வேண்டும். எதிர்த்தரப்பை இயக்கும் கணினிக்கு எப்போது தாக்குவது, எப்போது பின்வாங்குவது என்னும் முடிவெடுக்கும் திறனை நிரலாக எழுத வேண்டும். இனங்களுக்கிடையே சமநிலை உண்டா என்பதைப் பலர் பன்முறை ஆடிப் பார்த்தே அறிய முடியும். இவற்றுக்கெல்லாம் அடியில் வழிகாணல் என்னும் சிக்கல் கிடக்கிறது. நூறு வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு மலைக்கு அப்பால் செல்லப் பணித்தால், நூற்றுவரும் தடைகளைச் சுற்றி, ஒருவரோடொருவர் மோதாமல், நெருக்கமான கணவாயில் அடைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர வேண்டும். இதற்கு இன்றும் அடிப்படையாக விளங்கும் ஏ ஸ்டார் நெறிமுறையை ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் 1968இல் வெளியிட்டனர். நெறிமுறை கிடைத்துவிட்டதால் சிக்கல் தீரவில்லை. வீரர் எண்ணிக்கை பெருகப் பெருகக் கணக்கீட்டுச் சுமையும் பெருகும். ஸ்டார்கிராஃப்டில் ஒரு தரப்பின் படைக்கு 200 என்னும் வழங்கல் உச்சவரம்பு விதிக்கப்பட்டிருப்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

ஆகவே இவ்வகைமையில் தனியாக இறங்கும் நிரலாளர், பெருங்குழுவின் படைப்பைச் சிறிய அளவில் போலச் செய்தால் தோல்வி ஏறத்தாழ உறுதி. வகைமையின் எந்த உறுப்பை நீக்கினாலும் அது உயிரோடிருக்கும் என்று கண்டறிவதே அவர் செய்யத்தக்கது.

பாய்மம் என்னும் எதிரி

விர்ஜில் வால், நக்கிள் கிராக்கர் என்னும் தமது நிறுவனப் பெயரில் வெளியிட்ட கிரீப்பர் வேர்ல்டில் நீக்கப்பட்ட உறுப்பு எதிரிப் படையே. மனித இனம் ஏறக்குறைய அழிந்துவிட்ட எதிர்காலம் அது. எஞ்சியோர் ஓடின் நகரம் என்னும் பறக்கும் நகரில் உலகு விட்டு உலகு தப்பிச் செல்கின்றனர். அவர்களைத் துரத்துவது கிரீப்பர் எனப்படும் நீலநிறப் பாய்மம். நிலத்தில் ஆங்காங்கே உள்ள ஊற்றுகளிலிருந்து அது சுரந்து, பள்ளங்களை நிரப்பி, மேடுகளில் ஏறி, தொட்ட கட்டடங்களை அரித்து அழிக்கும். அதற்குத் திட்டம் கிடையாது; தளபதி கிடையாது; கோபமும் கிடையாது.

இப்பாய்மம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். களம் முழுவதும் சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. ஒவ்வொரு கட்டத்திற்கும் நிலத்தின் உயரம், அதன்மேல் நிற்கும் பாய்மத்தின் அளவு என இரண்டு எண்கள் உண்டு. முதற்கட்டத்தில் நிலம் 3, பாய்மம் 4. எனவே மேல்மட்டம் 7. அடுத்த கட்டத்தில் நிலம் 2, பாய்மம் 1; மேல்மட்டம் 3. வேறுபாடு 4. அதில் கால்பங்கு இடம்பெயரும் என்று விதி அமைத்தால், அடுத்த நொடியில் மட்டங்கள் 6, 4 என ஆகும், அதற்கடுத்து 5.5, 4.5 என ஆகும். இறுதியில் இரண்டும் 5ஐ நெருங்கும். பக்கத்தில் நிலவுயரம் 8 உடைய கட்டம் ஒன்று இருந்தால், மட்டம் 8ஐத் தாண்டும்வரை அங்கு ஒரு துளியும் ஏறாது. தாண்டிய கணத்தில் வழியத் தொடங்கும். இவ்வெண்கள் விளக்கத்திற்காக இங்கு அமைக்கப்பட்டவை. விளையாட்டின் நிரலில் உள்ளவை அல்ல. ஆயினும் இயக்கத்தின் தன்மை இதுவே. அண்டைக் கட்டங்களை மட்டும் நோக்கும் எளிய விதியிலிருந்து பேரளவு நடத்தை தோன்றும் இம்முறை, கணிதவியலார் ஜான் கான்வே 1970இல் அறிமுகமான ‘லைஃப்’ ஆட்டத்தில் காட்டிய கட்டத் தானியங்கிகளின் குடும்பத்தைச் சார்ந்தது.

இதன் பயன் வியப்பூட்டுவது. பக்கத்திற்கு 100 கட்டங்கள் கொண்ட களத்தில் 10,000 கட்டங்கள் இருக்கும். அண்டை இணைகளை ஒப்பிட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20,000 ஒப்பீடுகள் போதும். களத்தில் பாய்மம் ஒரு குட்டையளவு இருந்தாலும், கடலளவு பெருகினாலும் அவ்வெண்ணிக்கை மாறாது. படையின் அளவோடு சேர்ந்து சுமையும் ஏறும் என்ற வகைமையின் பழைய கணக்கு இங்குத் தகர்கிறது. எதிரியின் வலிமைக்கு உச்சவரம்பு தேவையில்லை. வழிகாணல் நெறிமுறையும் தேவையில்லை. பாய்மம் தனக்கான வழியைத் தானே காண்கிறது. கணவாயின் வழியே வரும், அணையை மோதி நிற்கும், பலவீனமான இடத்தில் உடைக்கும். சூழ்ச்சியுள்ள தளபதி ஒருவன் பின்னின்று இயக்குவதாகவே ஆடுபவருக்குத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் மட்டுமே நிகழ்கின்றன.

ஆடுபவரின் தரப்பிலும் இதே சிக்கனம் காணப்படுகிறது. பீரங்கிகள் நிலத்தில் ஊர்ந்து செல்வதில்லை. எழும்பிப் பறந்து நேர்க்கோட்டில் புதிய இடத்தில் இறங்குகின்றன. எனவே அவற்றுக்கும் வழிகாணல் வேண்டியதில்லை. பிளாஸ்டர் என்னும் கருவி அருகிலுள்ள பாய்மத்தைச் சுடும். மார்ட்டர் ஆழமாகத் தேங்கிய குட்டையின் நடுவே குண்டு வீசும். இவை இயங்க வேண்டிய ஆற்றலும் வெடிபொருளும் ஓடின் நகரத்திலிருந்து சிறு சிறு பொதிகளாக, இடைநிலையங்களை இணைக்கும் கோடுகளின் வழியே பயணம் செய்து வந்து சேர வேண்டும். ஆற்றலைத் தருபவை நிலப்பரப்பை ஆளும் சேகரிப்பான்கள். நிலம் பறிபோனால் ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்தால் பொதிகள் தாமதிக்கும். தாமதித்தால் பீரங்கிகள் வெற்றுக் குழல்களாக நிற்கும். மேலும் நிலம் பறிபோகும். தோல்வி இங்கு ஒரு வீரதீர மோதலில் நிகழ்வதில்லை. வழங்கல் கணக்கில் விழுந்த சிறு பற்றாக்குறையாகத் தொடங்கிச் சங்கிலியாக நிகழ்கிறது.

‘தனியொருவர்’ என்னும் சொல்லையும் அளவோடு கொள்ள வேண்டும். முதற்பகுதி அடோபி நிறுவனத்தின் ஏர் தளத்தின்மீது எழுப்பப்பட்டது. 2020 டிசம்பரில் வெளிவந்த நான்காம் பகுதி முப்பரிமாண நிலத்தை யூனிட்டி இயந்திரத்தின் துணையால் காட்டுகிறது. இவற்றின் பின்னால் ஆயிரக்கணக்கான பொறியாளர்களின் உழைப்பு உண்டு. இயந்திரம் பிறருடையது, விதி ஒருவருடையது. தனியாள் படைப்பு என்னும் மதிப்பீடு அவ்விதிக்கே உரியது.

போரா, கரைகாவலா?

எதிரிக்கு மனம் இல்லாதபோது நிகழ்வதைப் போர் என்று அழைக்கலாமா என்ற வினா எழுகிறது. தமிழ் இலக்கணம் பயின்றோர் மதில் முற்றுகையைப் பேசும் உழிஞையையோ, புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகப் பிரித்துரைக்கும் நொச்சியையோ இங்குப் பொருத்திப் பார்க்க முற்படலாம். அப்பொருத்தம் நெடுந்தூரம் செல்லாது. முற்றுவோனுக்கும் காப்போனுக்கும் பெயரும் குடியும் புகழும் உண்டு என்பதே அத்திணைகளின் அடித்தளம். கிரீப்பருக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. ஆடுபவர் செய்யும் செயல்களைக் கூர்ந்து நோக்கினால், அவை பெருவெள்ளக் காலத்தில் கரையைக் காப்போரின் செயல்களையே பெரிதும் ஒத்திருக்கின்றன. நிலத்தின் மேடுபள்ளத்தைப் படித்தல், உடையக்கூடிய இடத்தை முன்னறிதல், பொருள் வந்து சேரும் வழியைக் காத்தல் ஆகியனவே இவ்விளையாட்டின் திறன்கள்.

அறிவியல் புனைவில் மனமற்ற எதிரி புதியதன்று. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் தமது ‘இன்வின்சிபிள்’ (1964) நாவலில், சிந்தனையற்ற நுண்ணிய இயந்திரங்களின் மேகத்தின்முன் மனிதரின் பெரும்படைக்கலமும் பயனற்றுப் போவதைக் காட்டினார். வெல்லப் பகைவனே இல்லாத இடத்தில் வெற்றி என்னும் சொல் பொருளிழக்கிறது என்பது அந்நாவல் எழுப்பும் சிக்கல். கிரீப்பர் வேர்ல்டின் முதற்பகுதி இதனோடு நெருங்கி நிற்கிறது. அதன் பெரும்பாலான களங்களில் ஊற்றுகளை அழிக்க இயலாது. டோட்டம் எனப்படும் தூண்களுக்கு ஆற்றல் ஊட்டி, வானில் வாயிலைத் திறந்து, நகரத்தோடு தப்பிச் செல்வதே இலக்கு. ஆடுபவர் சென்ற பின்னும் ஊற்று சுரந்துகொண்டுதான் இருக்கும். நிகழ்நேர உத்தி வகைமையில், எதிரியின் கடைசிக் கட்டடம் இடியும்வரை ஆட்டம் முடியாது என்னும் வழக்கத்திற்கு இது நேர்மாறு.

இவ்வமைப்பில் குறை ஒன்றும் உண்டு. பாய்மத்திற்குச் சூழ்ச்சி இல்லாததால், சமநிலை ஒருமுறை ஆடுபவர் பக்கம் சாய்ந்துவிட்டால் அது மீண்டும் திரும்புவதில்லை. ஆட்டத்தின் கடைசிப் பகுதி வெள்ளம் வடிந்த பின் சேறு அள்ளும் வேலையைப் போல நீள்கிறது. வானிலிருந்து விழும் வித்துக்கூறுகள் போன்றவை இச்சலிப்பைக் குறைக்கச் சேர்க்கப்பட்டிருப்பினும், மூலவிதியின் முன்கணிக்கத்தக்க தன்மை நீங்கவில்லை. ஒரே விதியைக் கொண்டு உழைப்பைச் சேமித்ததற்கு அவ்விதி கேட்கும் விலை இதுவெனலாம்.

தொடரின் பிற்பகுதிகள்

2011இல் வந்த இரண்டாம் பகுதி பக்கவாட்டுக் காட்சிக்கு மாறி, நிலத்தடிச் சுரங்கங்களில் பாய்மத்தைப் பாயவிட்டது. 2014இல் வெளியான மூன்றாம் பகுதி மீண்டும் மேலிருந்து நோக்கும் காட்சிக்குத் திரும்பியது. அதில் களங்களைத் தாமே அமைக்கும் கருவியும், எதிரியின் நடத்தையை மாற்றி எழுதும் சிஆர்பிஎல் என்னும் குறுநிரல் மொழியும் ஆடுபவர்க்கு வழங்கப்பட்டன. ஒருவரால் எழுதி முடிக்க இயலாத உள்ளடக்கத்தை ஆடுபவர் சமூகமே எழுதிச் சேர்த்தது. உழைப்பின் எல்லையைக் கடக்கும் இரண்டாவது வழி இது. முதல் வழி விதியைச் சுருக்கியது, இது ஆக்குவோரின் எண்ணிக்கையைப் பெருக்கியது.

பொருள்நிலையில் இதைவிட முதன்மையான மாற்றம் வேறொன்று. பிற்பகுதிகளில் நல்லிஃபையர் என்னும் கருவி இடம்பெற்றது. ஊற்றுக்கு அருகில் அதனை நிறுவி ஆற்றல் ஊட்டினால் ஊற்று முற்றாக அழியும். தப்பிச் செல்லுதல் என்னும் இலக்கோடு துடைத்தழித்தல் என்னும் இலக்கும் களத்தில் நுழைந்தது; வகைமையின் பழைய வழக்கம் பின்வாயில் வழியே திரும்பி வந்தது எனலாம். அதனோடு எதிர்க்கிரீப்பர் என்னும் பாய்மமும் ஆடுபவர் கைக்கு வந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாம் பகுதியில் தாது தோண்டி, தெளிப்பான்கள் மூலம் அதனைக் களத்தில் பரப்பலாம். அப்பாய்மமும் பள்ளம் நிரப்பி மேடு ஏறிப் பாயும். அதற்கும் திட்டம் கிடையாது, தளபதி கிடையாது. கரைகாத்து நின்றவர், தம் தெளிப்பான்களின் அருகே நின்று, தமது வெள்ளம் எதிர்க்கரையை எப்போது உடைக்கும் என்று காத்திருக்கிறார்.