சுருள்பாசியின் நீலம்

சமையலில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பஞ்சமில்லை. நீலம்தான் கிடைப்பதில்லை. சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் ஊதாவாகிவிடும். மிட்டாய், ஐஸ்கிரீம்களில் நாம் பார்க்கும் பளீர் நீலத்தில் பெரும்பகுதி பெட்ரோலிய வழிவந்த செயற்கைச் சாயம். அதற்கு மாற்றாக ஆய்வகங்கள் கையில் எடுத்தது, மாத்திரையாக விற்கப்படும் ஸ்பைருலினா என்ற சுருள்பாசியை. கறாராகப் பார்த்தால் இது சயனோபாக்டீரியா. ஆனாலும் நுண்பாசிகளோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரிலும் இதை வணிக அளவில் வளர்க்கிறார்கள்.

பார்வைக்கு இது கரும்பச்சை. அதற்குள் இருக்கும் நீல நிறமியின் பெயர் ஃபைகோசயனின். இது ஒரு புரதம், தண்ணீரில் கரையும். பச்சையம் கரையாது. பிரித்தெடுக்கும் வேலை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறது. பாசியை நடுநிலை pH-ல் உள்ள பாஸ்பேட் கரைசலில் கலக்கி, ஃப்ரீசரில் உறைய வைத்து, உருகவிட்டு, மறுபடி உறைய வைப்பார்கள். பனிப்படிகங்கள் செல்சுவரை உடைக்கும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் பச்சை வண்டல் அடியில் படிய, மேலே தெளிந்த நீலம் நிற்கும். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலம். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக மினுங்கும். ஃபைகோசயனின் ஒளிர்வது சிவப்பில்தான்.

அவசரப்பட்டு மீயொலியால் அதிக நேரம் அடித்தால் செல்லின் சவ்வும் நொறுங்கி, நீலத்தில் பச்சை கலந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த வேலையில் வேகத்தைவிடப் பொறுமைக்கே பலன் அதிகம்.

தூய்மையைச் சொல்ல ஓர் எளிய கணக்கு உண்டு: 620 நானோமீட்டரில் உறிஞ்சும் ஒளியை 280-இல் உறிஞ்சுவதால் வகுக்க வேண்டும். விடை 0.7 இருந்தால் உணவுக்குப் போதும். பகுப்பாய்வுத் தரத்துக்கு 4 தாண்ட வேண்டும். அதற்கு அம்மோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் செய்து, குரோமட்டோகிராபி வரை போக வேண்டும். செலவு ஏறுவது இங்கேதான்.

எடுத்த நீலத்தைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய பாடு. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளிறும். புளிப்பில் கலங்கிப் படியும். அமெரிக்காவில் 2013-இல் இந்தச் சாற்றுக்கு முதலில் அனுமதி கிடைத்தது மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும்தான். பழச்சாறுகளுக்கு விடை வேறோர் உயிரியிடம் இருந்தது: கொதிநீர் ஊற்றுகளின் அமிலத்தில் வாழும் கால்டீரியா என்ற செம்பாசி. புளிப்பையும் சூட்டையும் அதன் ஃபைகோசயனின் கூடுதலாகத் தாங்குகிறது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த நீலத்தைப் பழபானங்களிலும் சேர்க்க அனுமதித்தது.