உங்களுக்குத் தெரியுமா? பெரஹரா இரவும் நெஞ்செரிவும்

● நெஞ்சு எரிந்தாலும் கோளாறு நெஞ்சில் இல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள வளையத் தசை தளரும்போது அமிலம் மேலே ஏறுகிறது. அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குக் கனத்த சளிப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது.

● எசல பெரஹரா முடிந்து, நடுச்சாமத்தில் கண்டி டவுனில் கொத்து ரொட்டி சாப்பிட்டு, வீட்டுக்குப் போனதும் படுக்கிறோம். விடிந்ததும் பழி மிளகாய்மேல் விழுகிறது. காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் எண்ணெய்ப் பண்டம் இரைப்பையில் அதிக நேரம் தங்கும். வயிறு நிறையப் படுத்தால் எரிவு வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி வேண்டும்.

● தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் விடியற்காலையில் சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். இடுப்பில் படங்கு, அதன்மேல் இறுக்கிய கயிறு, தலையில் தொங்கும் கூடை, சரிவில் குனிந்த வேலை. வயிற்றை இறுக்குவதும் குனிவதும் அமிலத்தை மேலே தள்ளும். பகல் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள், அம்மா. சாப்பிட்ட கையோடு மலையேற்றாமல் சற்று உட்கார விடுவது தோட்டத்தின் கடமை.

● கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். நெஞ்செரிவுக்குப் பயந்து அந்தத் தேநீரை எல்லோரும் விட வேண்டியதில்லை. குடித்தால் எரிகிறதென்றால் மட்டும் குறையுங்கள்.

● தலையணைகளை அடுக்கிப் படுத்தால் உடல் இடுப்பில் மடங்கி வயிறுதான் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் நல்லது.

● அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை எரியும்போது எடுத்துப் போடுவதால் பலனில்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வைத்தியரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடராதீர்கள். மூட்டுவலிக்கு பார்மசியில் வாங்கும் டைக்லோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும்.

● விழுங்கச் சிரமம், காரணமில்லாத மெலிவு, கறுத்த மலம் இருந்தால் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ உடனே காட்டுங்கள்.

● நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.