கொக்கோ குடித்தால் இருதயத்துக்கு நல்லதா?



காலையில் வேலைக்காட்டுக்குப் போகுமுன் ஒரு குவளை கொக்கோ பானம் குடிப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். ‘தெம்பு கொடுக்கும்’ என்று பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுக்கிறோம். இப்போது, ‘கொக்கோ இருதயத்துக்கு மருந்தாமே, அப்புறம் பிரஷர் மாத்திரை எதுக்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. இதில் எது உண்மை என்று பார்ப்போம்.

கொக்கோ நமக்குப் புதிதல்ல. பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு அடியில் கொக்கோ நட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பச்சைக் கொட்டையைக் கடித்தால் கசந்து துவர்க்குமே, அந்தத் துவர்ப்பில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று பிளவனோல். இது ரத்தக் குழாயின் உட்சுவரைத் தூண்டி, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கச் செய்கிறது. குழாய் இறுக்கம் தளர்ந்து விரிகிறது. ரத்தம் தடையின்றி ஓடுகிறது.

இன்னொன்று அழற்சி. கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா? அதுபோல் ரத்தக் குழாய்க்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் அழற்சி நீடித்தால், கொழுப்பு படிந்து அடைப்பு உண்டாகும்.

அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 500 மில்லிகிராம் பிளவனோல் மாத்திரையாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. பிளவனோல் எடுத்தவர்களிடம் இருதய நோய் மரணம் 27 விழுக்காடு குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அவர்களில் 598 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2025-இல் வந்த முடிவு, அழற்சியின் அடையாளம் ஒன்று குறைந்ததாகக் கூறியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் மார்ஸ் சாக்லேட் கம்பெனியும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, நம் குவளையில் இருப்பது அந்த மாத்திரையா? இல்லவே இல்லை! கொக்கோவைப் பதப்படுத்தும்போது, அதுவும் கறுப்பு நிறம் வரக் காரப்பொருள் சேர்க்கும்போது, பிளவனோல் பெருமளவு அழிந்துவிடுகிறது. பாக்கெட் பானத்தில் மால்ட்டும் சீனியும் பால்மாவும்தான் அதிகம். அதற்கு மேல் நாம் ஊற்றும் இனிப்பு டின் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி! இருதயத்துக்கென்று குடித்து, இனிப்பு நீரை வரவழைத்துக் கொள்ளலாமா?

செய்ய வேண்டியவை:

• குடிக்க ஆசையா? சீனி சேராத கொக்கோத் தூள் ஒரு கரண்டி, சுடுதண்ணீர் அல்லது பாலில் கலக்குங்கள். அது உணவு; மருந்தல்ல.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கொக்கோவைக் கூட்டாதீர்கள்.

• பிரஷர், இனிப்பு நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• புகையையும் சாராயத்தையும் விடுங்கள்; உப்பைக் குறையுங்கள்.

• நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால், ‘வாயுதான்’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

குடும்பத்தைச் சுமக்கும் உடம்பு இது. விளம்பரத்தை நம்பி அதைப் பணயம் வைக்காதீர்கள்!