மின்கட்டணச் சீட்டும் பூட்டிய அறையும்

வேலந்தாவளத்தில் அறைகளை வாடகைக்கு விடும் நம் குடும்பத்தார் மின்கட்டணச் சீட்டைச் சற்றுக் கூர்ந்து பார்த்தல் நலம். பூட்டிய அறைக்குள் விளக்கொளியில் கஞ்சா வளர்க்கும் தீய வழக்கம் மேனாடுகளிலிருந்து நம் நாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. இடுக்கி மலைச்சரிவில் திருட்டுத்தனமாய்ப் பயிரிட்டோர்க்கு வெயில் இலவசம். அறைக்குள் வளர்ப்போர் கதிரவனையும் காசு கொடுத்தன்றோ வாங்க வேண்டும்!

600 வாட் விளக்கொன்று நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தால் 7.2 யூனிட், இரு மாதங்களில் 432. காற்றாடியும் குளிர்சாதனமும் வேறு. வீட்டுச் செலவு 150 யூனிட்டே என்றாலும் கூட்டுத்தொகை 582. கேரளத்தில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான சலுகை நீங்கி, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் விதிக்கப்படும். அமெரிக்க மின்சாரத்தில் நூற்றிலொரு பங்கை இத்தொழில் விழுங்குவதாக இவான் மில்ஸ் என்னும் ஆய்வாளர் 2012-இல் கணித்தார்.

பணம் போவதோடு முடிவதில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, கஞ்சா பயிரிடுவோர்க்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அறிந்தே இடமளித்தவர்க்கும் 25-ஆம் பிரிவு அதே தண்டனையை வைத்திருக்கிறது. மீட்டரோ வீட்டுக்காரர் பெயரில்! வாரந்தோறும் அதன் எண்ணைக் குறித்து வாருங்கள். திடீரென ஏறினால் குடியிருப்பவரிடம் காரணம் கேட்கக் கூச வேண்டாம்.