கவலை வந்தால் மூளைக்குள் குதிர் திறக்கும்!

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் தாமதமானால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே பேச்சுதான்: "தூக்கமே வரலீங்க. வச்ச பொருள் வச்ச இடம் ஞாபகமில்லே."

இது வெறும் பிரமை அல்ல வாசகர்களே! உடல் எடையில் மூளை 2 சதவிகிதம்தான். ஆனால், ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவிகிதம் அதற்குப் போகிறது. அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக 'ஆஸ்ட்ரோசைட்' என்ற நட்சத்திர வடிவ செல்கள் இருக்கின்றன. நம் முன்னோர் குதிரில் நெல் சேர்த்தது போல, இவை சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. பதற்றம் வந்ததும் சுரக்கும் நார்அட்ரினலின்தான் குதிரின் அடைப்பை எடுக்கிறது. கிளைகோஜன் உடைந்து, லாக்டேட்டாகி, நரம்பு செல்லுக்கு உணவாகிறது. 2011-ல் வெளியான ஆய்வில், எலிகளுக்கு இதைத் தடுத்ததும் நீண்டகால நினைவு தங்கவில்லை!

அவசரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால், குதிர் ரொம்பச் சிறியது. பதற்றமே பிழைப்பானால் தூக்கம் கெடும், ஞாபகம் தடுமாறும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இருட்டியதும் காபியை விடுங்கள். காலையில் வரப்போரம் நடங்கள். அமுக்கராச் சூரணத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்; மருத்துவரைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர் இரண்டு வாரமாகத் தூங்காமல், 'என்ன வாழ்க்கை' என்று சலித்துக்கொண்டால் சும்மா விடாதீர்கள். அரசின் இலவச மனநல எண் 14416. இரவிலும் பேசலாம்.