கயிறு மாறிய குதிரைகள்

குதிரையை விற்றவன் ஓரிடத்தில் இருக்கிறான். வாங்கியவன் வேறோரிடத்தில் இருக்கிறான். இருவருக்கும் இடையே கடலோ காடோ கிடக்கின்றது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் குதிரையைக் கொண்டு வருகின்றார்கள். வழியிலே குதிரை காணாமற் போய்விடுகின்றது. இழப்பு யாரைச் சாரும்? விற்றவனையா, வாங்கியவனையா, கொண்டுவந்தவனையா?

இது நீதிமன்றத்திலே கேட்கப்பட வேண்டிய கேள்வி போலத் தோன்றலாம். ஆனால், நேயர்களே, நமது பழைய இலக்கியம் இக்கேள்வியை நன்கு அறிந்திருந்தது. அதனோடு தொடர்புடைய ஒரு வழக்காற்றையும் நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றது. ‘கயிறு மாறுதல்’ என்பதே அந்த வழக்காறு. அதன் பொருளை விளங்கிக்கொள்ள, முதலில் குதிரைகள் வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

தமிழகத்தின் வெப்பமும் தீவனமும் உயர்சாதிக் குதிரைகளுக்கு ஒவ்வாதவை. ஆயினும் படை நடத்திய வேந்தர்களுக்குக் குதிரை இன்றியமையாததாக இருந்தது. ஆகவே அவை மரக்கலங்களிலே வந்திறங்கின. காவிரிப்பூம்பட்டினத்தில் நிறைந்து கிடந்த செல்வங்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, கடல் வழியாக வந்த குதிரைகளையே முதலில் வைக்கின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளிலே ‘குதிரைச் செட்டி’கள் இடம்பெறுகின்றனர். நமது நாட்டின் பழைய வரலாற்றிலும் இத்தொழிலுக்கு இடமுண்டு. அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆட்சி செய்த சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும், குதிரைகளைக் கலத்தில் ஏற்றிவந்த ஒருவனின் மைந்தர்கள் என்றே மகாவம்சம் அறிமுகஞ் செய்கின்றது.

கடற்பயணத்திலே குதிரை படும் துன்பம் சொல்லுந்தரமன்று. இடம் குறுகியது, நன்னீர் அளவானது, கலமோ ஆடிக்கொண்டேயிருக்கும். வழியிலே இறந்துபோன குதிரைகள் பல. அவற்றின் விலையை யார் கொடுப்பது?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதற்கு ஒரு விடை தருகின்றார். பாரசீகக் குடாவிலுள்ள கிஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்புவதென 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்ட உடன்படிக்கையை அவர் குறிப்பிடுகின்றார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், அது இறந்தே போனாலும், அதன் விலையை அரசனே கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

விசயநகர அரசு பற்றி எழுதிய போர்த்துக்கேயரான நூனிஸ் கூறுவது இன்னும் வியப்பைத் தருவது. நரசிம்ம மன்னன் ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை, உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும், மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ் என்னும் விலைக்கு எடுத்துக்கொண்டானாம். கடலிலே இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும். உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்துவிடும்.

அரசர்கள் ஏமாளிகளாய் இருந்து இப்படிச் செய்தார்கள் என்று எண்ணுதல் தவறு. இழப்புக்கு அஞ்சி வணிகர் வராதுவிட்டால் படைக்குக் குதிரை இல்லை. அண்டை நாட்டானுக்கு அவை போய்ச்சேரும். எனவே அச்சத்தை அரசன் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். ஆனால் வாலுக்கும் குதிரைக்கும் ஒரே விலை என்றானபின், நடுக்கடலிலே நோயுற்ற குதிரைக்குத் தன் பங்குத் தண்ணீரை எவன் கொடுப்பான்? பணக்கணக்கு தீர்ந்தது, குதிரையின் உயிரோ கணக்கில் வரவில்லை.

கரை சேர்ந்த பின்னரும் இதே கதைதான். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்கின்றார். பேணத் தெரிந்தவர் இல்லை. குதிரை மருத்துவர்களை அங்கு செல்லவிடாமல் வணிகரே தடுத்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்!

இந்தப் பின்னணியோடு திருவிளையாடற் புராணத்துக்கு வருவோம். குதிரை வாங்கக் கொண்டு சென்ற பாண்டியனின் பொருளைத் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார் வாதவூரர். குதிரைகள் எங்கே என்று மன்னன் கேட்கின்றான். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகர் தலைவனாய் மதுரைக்கு வருகின்றார். குதிரைகளை ஒப்படைக்கும் வேளையிலேதான் கயிறு மாறும் வழக்கு வருகின்றது. விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்கு மாறுகின்றது. அதன்பின் குதிரைக்கு நேரும் நன்மை தீமை எதற்கும் விற்றவன் பொறுப்பல்லன்.

அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. விடிந்தால் குதிரைகள் இல்லை. வணிகனைப் பிடிக்கலாமா? அவன் போய்விட்டான், கயிறும் முறைப்படி மாறிவிட்டது. ஆகவே மன்னனின் சினம் முழுவதும் வாதவூரர்மீது பாய்கின்றது. வைகையின் சுடுமணலிலே அவர் வதைக்கப்படுகின்றார்.

புராணத்தின் நோக்கம் பக்தி. எனினும், அக்கதையைக் கேட்டவர்களுக்குக் குதிரை வணிகத்தின் நடைமுறை தெரிந்திருந்தமையாலேயே இக்காட்சி அவர்களின் நெஞ்சைத் தைத்தது எனலாம். உடன்படிக்கைப்படி குற்றவாளி எவரும் இல்லாதபோது, இடையில் நின்றவன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் தண்டனை பெறுகின்றான். இன்றும் பொருளொன்று தொலைந்தால் நாம் முதலில் யாரைத் திட்டுகின்றோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடயத்தில் பழைய ரோமர் வேறு வழியிலே சிந்தித்தனர். கலத்தலைவரும் விடுதிக்காரரும் இலாயக்காரரும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர்களது சட்டம் விதித்தது. தவிர்க்கமுடியாத பேரிடர் ஒன்றே விலக்கு. பொருளை இவர்களை நம்பி விடுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழியில்லை. பொறுப்பு இல்லையாயின் இவர்கள் கள்வரோடு கூட்டுச் சேரவும் கூடும் என்பது உல்பியன் என்னும் சட்ட அறிஞர் காட்டிய காரணம். நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய ரோம-டச்சுச் சட்டம் அந்த மரபிலே தோன்றியதுதான்.

இரண்டு முறைகளையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விற்பவனிடமிருந்து வாங்குபவனுக்குக் கயிறு ஒரே தடவையில் மாறுவதாகவே கயிறு மாறும் வழக்கு கருதியது. கூலிக்குக் கொண்டுசெல்பவன் வந்துவிட்டாலோ கயிறு இருதடவை மாறுகின்றது. அவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வழியிலேதான் குதிரை காணாமற் போகின்றது. அந்த வழியில் கயிற்றைப் பிடித்திருப்பவனே பொறுப்பாளி என்றது ரோமரின் முறை. அப்போதுதான் அவன் இரவிலே எழுந்து குதிரை கட்டிய இடத்தில் நிற்கின்றதா என்று பார்ப்பான்.

மரக்கலம் போய் லொறி வந்துவிட்டது. ஆயினும், ஓர் உயிரை மற்றொருவர் கையில் ஒப்படைப்பவர் நிறத்தையும் சுழியையும் தழும்பையும் எழுதி, இரு தரப்பும் கண்டு ஒப்பமிட்ட பின்னரே கயிற்றைக் கைவிடுதல் நன்று. பெற்றுக்கொள்பவரும் அதே குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, விலங்கை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தே கயிற்றை வாங்கவேண்டும். எந்தக் கை தன்னைப் பிடித்திருந்தது என்று குதிரை வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.